யாரும் எடுத்துக்கொள்ளாத பலகை

நகரசபை ஆணையர் வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போனார். போனவர் எல்லோரையும் போல ஒரு டப்பா சாக்லேட்டும் ரெண்டு சென்ட் பாட்டிலும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் ஊருக்கு ஒரு கேடும் வந்திருக்காது. அவர் லத்தீன் வாங்கிக்கொண்டு வந்தார்.

வந்த மறுநாளே கூட்டம் போட்டார். எல்லாத் துறை அதிகாரிகளும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்ம பாஷையில 'முடியாது'ன்னு சொன்னா ஜனங்களுக்குக் கோபம் வருது. 'நாளைக்கு வாங்க'ன்னா சண்டைக்கு வர்றாங்க. அதையே, ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ரோமாபுரிப் பேரரசர் சொன்னதுன்னு சொல்லிப் பாருங்க. கையைக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. நாம வேலை செய்யற விதத்தை மாத்த வேண்டாம். சொல்ற விதத்தை மாத்துவோம்" என்றார் ஆணையர்.

வேலை செய்யும் விதத்தை மாற்ற வேண்டாம் என்ற இடத்தில் கைதட்டல் பலமாக இருந்தது.

அப்படித்தான் துறைக்கு ஒரு லத்தீன் பொன்மொழி வந்தது. வாசலில் பலகை, மேஜைக்குப் பின்னால் அந்தப் பொன்மொழியைச் சொன்னவரின் மார்பளவுச் சிலை. சிலை செய்யும் ஒப்பந்தம் தோட்டத்துக்குப் பொம்மை செய்கிறவருக்குப் போனது. அவரிடம் ஒரே ஒரு அச்சுதான் இருந்தது. ஆகவே அகஸ்டஸ், சீசர், பிலாத்து எல்லோருக்கும் ஒரே முகம், ஒரே மூக்கு. அந்த முகத்தில் லேசாக ஆணையரின் சாயல் இருப்பதாகச் சில அதிகாரிகள் சொன்னார்கள். ஆணையர் அதை மறுக்கவில்லை. உள்ளே வரும் பொதுமக்கள் சிலைக்கு முன்னால் எழுந்து நிற்க வேண்டும், அதிகாரி பொன்மொழியை வாசிப்பார், அதற்கப்புறம்தான் "என்ன விஷயம்?" அந்தந்த அதிகாரி தன் பொன்மொழிப்படி நடக்கிறாரா என்று பார்த்துத்தான் பதவி உயர்வு என்றும் உத்தரவு வந்தது. வேலைக்கு அசையாத உடம்பும் பதவி உயர்வுக்கு ஆடுமே! அதிகாரிகள் ஒரே வாரத்தில் ரோமாபுரிக்காரர்களாகிவிட்டார்கள்.

இந்த ரோமாபுரிக்குள்தான் நம் கண்டக்டரம்மா காலடி எடுத்துவைத்தார்.

கண்டக்டரம்மா டவுன் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர். கூட்ட நேரத்தில் பஸ்ஸின் ஒரு கோடியில் நின்று குரல் கொடுத்தால் மறுகோடியில் தூங்குகிறவன் சில்லறையை எடுத்து நீட்டுவான். அவருக்கு ஒரே மகள், சின்னக்குட்டி. நகரசபை பாலர் பள்ளியில் படிக்கிறாள். படிப்பென்ன படிப்பு, மண்ணில் விளையாடுவது, மதியம் பாயில் படுத்துத் தூங்குவது, எழுந்து பால் குடிப்பது. அந்தப் பள்ளிக்கு நேர் பின்னால் நகரசபையின் பழைய தண்ணீர்த் தொட்டி நெட்டுக்குத்தாக நின்றது. அதில் சொட்டுத் தண்ணீர் ஏறி வருஷக்கணக்காகிறது. கால்கள் விரிசல் விட்டு, சிமென்ட் உதிர்ந்து, உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்து வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை அதிலிருந்து சிமென்ட் கட்டி ஒன்று பெயர்ந்து சறுக்குமரத்தின் மேல் விழுந்தது. சின்னக்குட்டி சறுக்கி முடித்து அந்தண்டை ஓடின மறுநொடி. சறுக்குமரம் மடங்கிப்போயிற்று. டீச்சர் பிள்ளைகளை எல்லாம் உள்ளே அடைத்துக் கதவைச் சாத்தினார். ஆனால் தொட்டி மொத்தமாகச் சாய்ந்தால் அந்த அறையின் மேல்தான் சாயும். அது எல்லோருக்கும் தெரிந்தது. கண்டக்டரம்மாவுக்கு அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. விடிந்ததும் லீவு சொல்லிவிட்டு நகரசபைக்குப் போனார்.

புகார்ப் பிரிவின் பலகையில் 'ஃபெஸ்டினா லெண்டே' என்றிருந்தது. மெதுவாக அவசரப்படு. அகஸ்டஸ் பேரரசர் அடிக்கடி சொன்னதாம். அதிகாரி பரபரவென்று பேனாவை எடுத்தார். பிறகு அதன் மூடியை, பிள்ளைத்தாய்ச்சி படியிறங்குவது போல, மெல்ல மெல்லத் திறந்தார்.

"சார், தொட்டி விழப்போகுது."

"விழுந்துடுச்சா, விழப்போகுதா?"

"விழப்போகுது சார். இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது."

"எத்தனை வருஷமா?"

"ரொம்ப வருஷமா."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்ப அதுவும் மெதுவாத்தாம்மா அவசரப்படுது. நம்ம கொள்கைக்கு உட்பட்ட தொட்டி. அதைக் குறை சொல்ல முடியாது."

கண்டக்டரம்மா இந்த மாதிரி ஆட்களைப் பஸ்ஸில் நிறையப் பார்த்தவர். நகராமல் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டு வராந்தாவைத் தாண்டியது. வேறு வழியில்லாமல் அதிகாரி புகாரைப் பொறியாளருக்கு அனுப்பினார்.

பொறியாளருக்கு ஜூலியஸ் சீசர் கிடைத்திருந்தார். 'வேனி, விடி, விசி'. வந்தேன், கண்டேன், வென்றேன். ஜீப்பில் நின்றபடியே வந்தார் பொறியாளர். தோளில் சிவப்புத் துணி ஒன்று பறந்தது. ஆபீஸ் ஜன்னல் திரை அது, வளையம்கூட இன்னும் கழற்றவில்லை. கறுப்புக் கண்ணாடியைத் தூக்கித் தொட்டியை ஒரு பார்வை பார்த்தார். "வென்றேன்" என்றார். ஜீப் திரும்பியது.

கண்டக்டரம்மா குறுக்கே போய் நின்றார். "சார், எதை வென்றீங்க? தொட்டி அப்படியே நிக்குதே!"

"அம்மா, சீசர் ஒரு பெரிய போரை முடிச்சிட்டு இந்த மூணு வார்த்தைதான் எழுதி அனுப்பினாரு. நாலாவதா 'ரிப்பேர் பண்ணினேன்'னு எழுதினாரா? இல்லையே! அவ்வளவு பெரிய ஆளே எழுதலை, நான் யாரு?"

"உள்ள பிள்ளைங்க இருக்குங்க சார்."

"பார்த்தேன், பார்த்தேன். 'கண்டேன்'ல அதுவும் சேர்ந்துடுச்சு."

ஜீப் போய்விட்டது. கண்டக்டரம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். ஒரு கொத்துக்கரண்டிகூட வரவில்லை. என்ன ஆயிற்று என்று கேட்க ஆவணப் பிரிவுக்குப் போனார். அங்கே 'குவோட் ஸ்க்ரிப்ஸி, ஸ்க்ரிப்ஸி'. நான் எழுதினது எழுதினதே. ஏசுவைச் சிலுவைக்கு அனுப்பிய பிலாத்து சொன்னது. பிலாத்து அந்தப் பழி தனக்கில்லை என்று கை கழுவினவர் என்பதால் அந்த அதிகாரியும் ஒவ்வொருவரிடம் பேசி முடித்ததும் எழுந்துபோய்க் கை கழுவினார். குழாயில் தண்ணீர் வரவில்லை. அதற்காக அவர் கழுவுவதை நிறுத்தவுமில்லை.

"தொட்டி விவகாரம் முடிஞ்சுதேம்மா. பொறியாளர் 'வென்றாச்சு'ன்னு சொல்லியிருக்கார். வென்றாச்சுன்னா எதிரி இல்லைன்னு அர்த்தம். தொட்டி இல்லைன்னு நான் எழுதிட்டேன்" என்றார் அதிகாரி.

"சார், உங்க ஜன்னல்லேயே தெரியுது பாருங்க. அதோ!"

அதிகாரி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினார். "ஜன்னல் என் துறை இல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

குதிரை கீழே தள்ளியதோடு நில்லாமல் குழியும் பறித்த கதைதான். போகும்போது தொட்டியாவது இருந்தது. வரும்போது தொட்டியே இல்லை. இதற்கு மேல் ஆணையரையே பார்ப்பது என்று கண்டக்டரம்மா குறைதீர்க்கும் நாளில் போய் உட்கார்ந்தார்.

ஆணையர் அறைக்கு 'ஆலியா யாக்டா எஸ்ட்'. பகடை உருட்டியாகிவிட்டது. சீசர் ஓர் ஆற்றைக் கடக்கும்போது சொன்னாராம். சீசர் ஏதோ பேச்சுக்குச் சொல்லியிருப்பார். ஆணையர் நிஜமாகவே பகடை வாங்கிவைத்திருந்தார். மனுவைப் படிப்பதில் நேரம் வீணாகிறது என்று கண்டுபிடித்து, வெள்ளித் தட்டில் பகடை உருட்டித்தான் தீர்ப்பு. இரட்டைப்படை விழுந்தால் பரிசீலனை, ஒற்றைப்படை விழுந்தால் நிராகரிப்பு. கண்டக்டரம்மாவின் முறை வந்தபோது பகடை தட்டிலிருந்து துள்ளிப் பீரோவுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து பார்ப்பது பேரரசுக்கு அழகல்ல என்பதால் யாரும் குனியவில்லை. கண்டக்டரம்மா தானே எடுத்துத் தருகிறேன் என்று குனியப்போனார். பொதுமக்கள் பகடையைத் தொட அனுமதியில்லை என்று தடுத்துவிட்டார்கள்.

"ஐயா, பகடை கிடக்கட்டும். என் பொண்ணு அந்தத் தொட்டிக்குக் கீழதான் படிக்கிறா. விழுந்தா என்ன செய்வீங்க?"

ஆணையர் நாற்காலியில் சாய்ந்தார். கண்ணில் ஒரு கனவு வந்தது.

"அம்மா, நான் ரோமாபுரிக்குப் போயிருக்கேன். அந்த ஊருக்கு என்ன பெருமை? இடிபாடு! எங்க பார்த்தாலும் இடிஞ்ச தூண், இடிஞ்ச சுவர். உலகமே காசு குடுத்துப் பாக்குது. நம்ம ஊர்ல ஒரு இடிபாடு இருக்கா? இத்தனை வருஷத்துல இப்பதான் ஒண்ணு தானா உருவாகிக்கிட்டு வருது. அதைப் போய்த் தடுக்கச் சொல்றீங்களே! இடிபாட்டுக்குக் கீழ யாரு இருந்தாங்கன்னு இன்னிக்கு யாராவது கேக்கறாங்களா? அழகா இருக்குன்னுதான் சொல்றாங்க."

அதிகாரிகள் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நெரிசலில் காலை மிதித்தவனைக் கேட்க ஆயிரம் வார்த்தை வைத்திருந்த கண்டக்டரம்மாவுக்கு, இந்த மனுஷனைக் கேட்க ஒரு வார்த்தை அகப்படவில்லை. வெளியே வந்து வராந்தாவில் நின்றார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்தார்.

வராந்தாவின் மூலையில் பலகை எழுதுகிற பெயின்டர் உட்கார்ந்து பிரஷ் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எழுதி முடித்த பலகை ஒன்று சுவரைப் பார்த்தபடி சாய்ந்திருந்தது.

"இது எந்தத் துறைக்கு? இன்னும் ஒரு ரோமாபுரிக்காரனா?" என்று கண்டக்டரம்மா எரிச்சலோடு கேட்டார்.

"இதை யாரும் எடுத்துக்க மாட்டேங்கறாங்கம்மா. துறை துறையா எடுத்துக்கிட்டுப் போய்ப் பார்த்துட்டேன். திருப்பி அனுப்பிடறாங்க."

"ஏன்?"

"மத்த பலகையில எல்லாம் சும்மா இருக்கலாம். இதுல மட்டும் ஒரு வேலை செய்யணும்னு இருக்கு." பெயின்டர் பலகையைத் திருப்பினார். 'கார்த்தாகோ டெலெண்டா எஸ்ட்'. "கார்த்தேஜை அழிக்கணும்னு அர்த்தமாம். 'கேட்டோ'ங்கற பேர்ல ஒரு ரோமாபுரிக் கிழவர் சொன்னது. கார்த்தேஜ்ங்கறது அவங்களுக்கு ஆகாத ஊரு. சபையில எதைப் பத்திப் பேசினாலும், வரியோ, வயலோ, வாய்க்காலோ, கடைசியில 'மேலும், கார்த்தேஜை அழிக்க வேண்டும்'னு சொல்லிட்டுத்தான் உக்காருவாராம். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அவரு விடலை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அழிச்சிட்டாங்க. ஊரை அழிச்சது பெரும் பாவம்தாம்மா, நான் அதை மெச்சலை. ஆனா கிழவர் வாயை யாராலயும் மூட முடியலை பாருங்க."

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்று நம் ஊர்க்காரர்களும்தான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் லத்தீனில் சொல்லாததால் நகரசபையில் அது எடுபடவில்லை. கண்டக்டரம்மா அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை முதல் டிரிப்பிலேயே ஆரம்பித்துவிட்டார்.

"டிக்கெட், டிக்கெட்! பெரியவரே, உள்ள தள்ளி நில்லுங்க. சில்லறையா குடுங்க. மேலும், அந்தத் தொட்டியை இடிக்கணும்."

"என்னம்மா சொல்றீங்க?"

"மார்க்கெட் ஸ்டாப் அடுத்தது, இறங்கறவங்க முன்னாடி வாங்க. மேலும், அந்தத் தொட்டியை இடிக்கணும்."

முதலில் சிரித்தார்கள். கண்டக்டரம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஒரு மாமி பக்கத்து சீட்டுக்காரியிடம் கிசுகிசுத்தாள். ஆனால் எந்தத் தொட்டி என்று யாராவது கேட்பார்கள். இவர் சறுக்குமரத்தின் கதையைச் சொல்வார். கேட்டவர் சிரிப்பை நிறுத்திவிடுவார். அந்தப் பள்ளியில் பேரனோ, அக்கா மகளோ, எதிர்வீட்டுப் பிள்ளையோ இல்லாத ஆள் அந்த பஸ்ஸில் குறைவு. நாள் போகப்போக இவர் "மேலும்" என்றதும் மீதியைப் பஸ்ஸே சொன்னது. இறங்கினவர்கள் அதை வீட்டுக்கும் கடைக்கும் கொண்டுபோனார்கள். காய்காரர் விலை சொல்லிவிட்டு, மேலும் அந்தத் தொட்டியை இடிக்கணும் என்றார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து அதையும் சொன்னார். பெண் பார்க்க வந்த வீட்டில், பிள்ளைக்குச் சம்மதம், மேலும் அந்தத் தொட்டியை இடிக்கணும் என்று பையனின் அப்பா சொன்னார். பெண் வீட்டார் நல்ல குடும்பம் என்று உடனே ஒத்துக்கொண்டார்கள்.

நகரசபைக்குக் காய்ச்சல் கண்டது. வருகிற போன் எல்லாம் அந்த வார்த்தையில்தான் முடிந்தது. புகார்ப் பிரிவு அதிகாரியே ஒரு நாள், "மெதுவாக அவசரப்படு, மேலும்..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆணையர் தடை உத்தரவு போட்டார். ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போனது. "பொதுமக்கள் கவனத்திற்கு! 'மேலும், அந்தத் தொட்டியை இடிக்க வேண்டும்' என்று எவரும் சொல்லக் கூடாது! மீண்டும் அறிவிக்கிறோம், 'மேலும், அந்தத் தொட்டியை இடிக்க வேண்டும்'..." விஷயம் தெரியாமல் இருந்த நாலைந்து தெருக்களுக்கும் அப்படித்தான் தெரிந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? இங்கே ஊர் வாயைத் திறந்துவிட்டதே நகரசபையின் வண்டிதான்.

பஸ் டிப்போ மேனேஜர் கண்டக்டரம்மாவைக் கூப்பிட்டார். நல்ல மனுஷர்தான், மேலிடத்துக்குப் பயந்தவர்.

"இந்தாம்மா, உன் வேலைக்கே உலை வெச்சுடுவாங்க போலிருக்கு. இனிமே பேச்சு முடிவுல அதைச் சொல்லாதே."

"சரிங்க சார். இனிமே முதல்லயே சொல்லிடறேன்."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த வாரம் மழை பிடித்தது. ஒரு மத்தியானம் இன்னொரு கட்டி பெயர்ந்தது. இது பெரிய கட்டி. ஓட்டைப் பிய்த்துக்கொண்டு அறைக்குள்ளேயே விழுந்தது. பிள்ளைகள் அப்போது முன்வராந்தாவில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். தூங்குவதற்காகப் பாய் மட்டும் விரித்திருந்தது. செய்தி கேட்டுக் கண்டக்டரம்மா பஸ்ஸைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தார். கட்டி கிடந்த பாய் சின்னக்குட்டியின் பாய். அவர் தைத்துப் போட்ட நீலக் கரையே அடையாளம். மகளை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். "ஏம்மா அழுவறே?" என்று சின்னக்குட்டி கேட்டாள். இத்தனை நாளும் சொல்லிக்கொண்டே இருந்தோமே, வெறும் வாயாலேயே இருந்துவிட்டோமே என்று கண்டக்டரம்மாவுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

கூட்டத்தில் மெஷின்காரர் நின்றிருந்தார். பழைய கட்டடம் இடிக்கிற இயந்திரம் ஓட்டுகிறவர், தினமும் கண்டக்டரம்மாவின் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவார். அவர் பேரனும் அந்தப் பள்ளியில்தான் படித்தான்.

"கண்டக்டரம்மா, சொன்னது போதும். இடிச்சிடலாமா?"

"கேஸ் போடுவாங்களே அண்ணே."

"எந்தத் தொட்டியை இடிச்சோம்னு போடுவாங்க? அதான் இல்லைன்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்களாமே! இல்லாததை இடிச்சா எந்தக் கோர்ட்டுல கேஸு?"

விடுமுறை நாளாகப் பார்த்து வந்தார்கள். பள்ளியைப் பூட்டி, அக்கம்பக்கத்து வீடுகளில் எல்லோரையும் வெளியேற்றி, சாலையின் இரு முனையிலும் கயிறு கட்டினார்கள். தொட்டியைப் பள்ளி இல்லாத பக்கமாய்க் காலி மனைக்குள் சாய்ப்பது என்று மெஷின்காரர் அளந்து குறி போட்டார். நீண்ட இரும்புக் கையோடு மெஷின் உறுமிக்கொண்டு நின்றது. கயிற்றுக்கு வெளியே ஊரே நின்றது. கண்டக்டரம்மா டியூட்டிக்குப் போட்டுக்கொள்கிற காக்கிச் சட்டையோடு முன்னால் நின்றார்.

அந்த நேரம் பார்த்து நகரசபை வந்தது. முன்னால் ஆணையர். பின்னால் அதிகாரிகள், அவரவர் பலகையை அவரவர் கையில் பிடித்தபடி.

"நிறுத்துங்க!" என்றார் ஆணையர். "இது நகரசபைச் சொத்து!"

ஆவணப் பிரிவு அதிகாரி அவர் காதோரம் குனிந்தார். "ஐயா, அப்படிச் சொல்ல முடியாதுங்க. தொட்டி இல்லைன்னு எழுதியிருக்கேன். எழுதினது எழுதினதே."

"மாத்தி எழுதுய்யா!"

"மாத்தினா என் பதவி உயர்வு போயிடுங்க."

ஆணையர் புகார்ப் பிரிவைப் பார்த்தார். "நீ போய் அந்த மெஷினை நிறுத்து, சீக்கிரம்!" புகார்ப் பிரிவு அதிகாரி அவசரமாகக் காலைத் தூக்கி மெதுவாக வைத்தார். பொறியாளர் மெஷினைப் பார்த்து "வென்றேன்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

கடைசியில் ஆணையரே கண்டக்டரம்மா பக்கம் வந்தார். இப்போது அவர் வாயில் லத்தீன் ஒன்றும் இல்லை.

"அம்மா, பாருங்க, தொட்டி ஒரு நாள்ல போயிடும். அப்புறம் உங்களை யாரும் மதிக்க மாட்டாங்க. நான் நெனச்சா உங்க வேலையும் போயிடும்."

"போகட்டும் சார். வேலை வேற கிடைக்கும். எனக்கு வேற பொண்ணு கிடைக்காது."

ஆணையருக்கு மூச்சு வாங்கியது. மெஷினைப் பார்த்துக் கை இரண்டையும் ஆட்டிக் கத்தினார். இஞ்சின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மெஷின்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. கண்டக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டரம்மா பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து வாயில் வைத்தார். ஒரு தடவை ஊதினார்.

ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஆணையருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிறுத்தச் சொல்லிவிட்டாள், பயந்துவிட்டாள்! கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு அதிகாரிகளைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு டவுன் பஸ்ஸில் போய்ப் பழக்கமில்லை. ஒரு விசிலோடு விட்டால்தான் பஸ் நிற்கும், அதன் பின்னாலேயே இன்னொன்று அடித்தால் கிளம்பிவிடும் என்று ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

கண்டக்டரம்மா இரண்டாவது விசிலையும் ஊதினார். மெஷின் கையைத் தூக்கியது.